பதிமூன்றாம் நாற்காலி

எங்கள் வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், சுவரோரமாகப் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. 2016-இல் சாமான் பிரித்தபோது பங்கு ஐந்து. ஆளுக்கு இரண்டு போக மிச்சம் இரண்டு. அந்த இரண்டுக்கும் சீட்டுப் போட்டோம். இரண்டும் சின்னச் சித்தப்பாவுக்கே விழுந்தன. அவர் இருப்பது கோயம்புத்தூரில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில். நாலையும் போட இடமில்லாமல் இரண்டின் மேல் இரண்டைக் கவிழ்த்து, அதற்கும் மேலே இஸ்திரிக்குப் போகவேண்டிய துணிகளைக் குவித்து வைத்திருக்கிறார். போனமுறை பார்த்தபோது, எனக்குத் தாங்களேன் என்று வாய்வரை வந்துவிட்டது. சீட்டில் விழுந்ததைக் கேட்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு வெண்கலப் பானை, பித்தளைக் குடம் எல்லாம் நிறுத்துப் பிரித்தாயிற்று. எவர்சில்வரை எண்ணிப் பிரித்தாயிற்று. கடைசல் பிடித்து அரக்குப் பூசிய மரவைகள் என்கிற மரப் பாத்திரங்களை எந்தக் கணக்கில் பிரிப்பது என்று ஆண்கள் முழித்துக்கொண்டிருந்தபோது ஆச்சிமார் உள்ளே போய் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டு வந்தார்கள். நாற்காலியில்தான் பேச்சு நீண்டது. நிறுக்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது.

வீட்டை விற்கவில்லை, இடிக்கவுமில்லை. பூட்டிக் கிடக்கிற வீடு. இரண்டுமுறை பின்கட்டு வழியாகத் திருடன் புகுந்துவிட்டான். அதனால்தான் உள்ளே இருப்பதையாவது அவரவர் எடுத்துக்கொள்வோம் என்று முடிவானது. செட்டிநாட்டில் பாதி வீடுகளின் கதை இப்படித்தான்.

என் பங்குக்கு வந்த இரண்டும் சென்னைக்கு, மூன்றாம் மாடிக்கு வந்தன. கைவைத்த நாற்காலி, பிரம்பு இருக்கை, முன்கால் இரண்டிலும் கடைசல் வேலை, முதுகின் நடுப்பலகையில் ஒரு கொடியும் மூன்று பூவும். ஐயா (எங்கள் தாத்தா) ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்று பெரியப்பா சொல்வார். இல்லை, இங்கேயே ஆசாரியை வீட்டோடு வைத்துச் செய்தது என்று அப்பச்சி (என் அப்பா) சொல்வார். அவர்கள் இருக்கும்வரை இது தீரவில்லை.

“ரெண்டு நாற்காலியை வச்சுக்கிட்டு விருந்துக்கு யாரைக் கூப்பிடுறது?” என்றாள் மனைவி. நியாயம்தான். சாப்பாட்டு மேசைக்கு ஆறு வேண்டும். இன்னும் நாலு.

பழைய மரச்சாமான் வேண்டும் என்றால் காரைக்குடியில் யாரும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குத்தான் கைகாட்டுவார்கள். இரண்டு பக்கமும் கடைகள். வாசலிலேயே நிலைகள் சுவரில் சாய்ந்து நிற்கும், வீடு இல்லாத வாசல்களாக. உள்ளே போனால் கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரமாகும். எனாமல் டிபன் கேரியர், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப்படம், பூட்டில்லாத கல்லாப்பெட்டி, சாவியில்லாத பூட்டு, பல்லாங்குழி, அஞ்சறைப்பெட்டி. கணக்குப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு எழுதுகிற சாய்வுப் பலகை வைத்த மேசைப்பெட்டி இல்லாத கடையே கிடையாது. வட்டிக்கடை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இருந்திருக்கும்; அத்தனையும் இங்கே வந்து சேர்ந்துவிட்டன போலிருக்கிறது. மடிக்கணினி வைக்கத் தோதாக இருக்கிறது என்று இப்போது பெங்களூர்க்காரர்கள் வாங்கிப்போகிறார்களாம். நல்லதுதான். அந்தப் பெட்டிக்குத் தெரிந்த வேலைதானே.

ஒரு கடையில், எது என்று சொல்லப்போவதில்லை, எங்கள் நாற்காலியைப் போலவே இரண்டு நின்றன. அதே கொடி, அதே மூன்று பூ. செல்பேசியில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைசலில் ஒரு வளையம் கூடுதல், அவ்வளவுதான். கடைக்காரப் பையன் “சார், நூத்தியிருபது வருஷத்துச் சாமான்” என்றான். சென்னைப் பேச்சைக் கேட்டுவிட்டான். நான் ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகு “அண்ணே” ஆனேன். விலையில் இரண்டாயிரம் குறைந்தது. இரண்டும் சேர்த்து 38,000 ரூபாய். முதுகில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. கைப்பிடி வழவழப்பாக இருந்தது. பழசேதான் என்று நினைத்தேன். பழசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றும் நினைத்தேன். பிறந்ததிலிருந்து அதன்மேல்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

மீதி இரண்டு கிடைக்கவில்லை. செய்யச் சொல்லலாம் என்று தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஓர் ஆசாரியிடம் போனேன். எழுபதை நெருங்குகிறவர். தென்னங்கீற்றுக் கொட்டகை, அதற்குள் மோட்டார் போட்ட கடைசல் பட்டறையும் மின் இழைப்பானும் ஓடிக்கொண்டிருந்தன. கைவேலை என்றதும் உளியும் கொட்டாப்புளியும் மட்டும் மனத்தில் வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அவர் இழைப்புளியைத் தொடுவது கடைசி இழைப்புக்குத்தான். “மெசின் வச்சுக்காம இருந்திருந்தா என் தோள்பட்டை என்னைக்கோ போயிருக்கும் தம்பி” என்றார்.

மாதிரிக்காக எங்கள் நாற்காலி ஒன்றையும் கடையில் வாங்கியதில் ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கடையில் வாங்கியதைத் தூக்கித் தூரமாக, நிழலில் வைத்துவிட்டு வந்தார். எங்கள் நாற்காலியை மட்டும் பெஞ்சின்மேல் கவிழ்த்தார்.

“இதுக்கு மாதிரிதானே செய்யணும்?”

“ரெண்டும் ஒரே மாதிரிதானேண்ணே?”

சிரித்தார். உள்ளேயிருந்து விட்டம் அளக்கிற காலிப்பரை எடுத்துவந்து எங்கள் நாற்காலிக் காலின் கடைசல் கழுத்தை அளந்தார். காலிப்பரைக் கால்வட்டம் திருப்பி மறுபடி அளந்தார். இரண்டு அளவுக்கும் இடையே கொஞ்சம் வித்தியாசம். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் சுருங்காது. நார் ஓடுகிற நீளவாக்கில் சுருக்கமே இல்லை என்று சொல்லலாம். குறுக்குவாக்கில் சுருங்கும், அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் கூடுதலாகச் சுருங்கும். எண்பது தொண்ணூறு வெயிலையும் மழையையும் பார்த்த உருண்டைக் கால் உருண்டையாகவே இருக்காது. கண்ணுக்குத் தெரியாமல் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். பிறகு நிழலில் வைத்த நாற்காலியிடம் போனார். எப்படித் திருப்பி அளந்தாலும் ஒரே அளவு.

“கடைசல் புடிச்சு ரெண்டு வருசம் இருக்குமா?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

அதற்குப்பின் அவர் காட்டியதெல்லாம் எனக்குக் காட்டியதா, தன் சந்தோஷத்துக்குச் செய்ததா தெரியவில்லை. எங்கள் நாற்காலியில் மூட்டுகளை இறுக்கியிருந்த மூங்கில் ஆணிகளின் தலை விரலுக்குத் தட்டுப்பட்டது. சுற்றியிருந்த மரம் சுருங்கி, ஆணி அப்படியே நின்றதால் வந்த மேடு. கடையில் வாங்கியதில் ஆணிகள் மட்டமாக, மரத்தோடு மரமாக இருந்தன. பிரம்பைப் பார்க்கச் சொன்னார். எங்கள் இருக்கையின் சட்டத்தைச் சுற்றிலும் துளை போட்டு, ஒவ்வோர் இழையாகக் கோத்துப் பின்னியிருந்தது. கடையில் வாங்கியதில் பாய்போல முன்பே நெய்து வந்த பிரம்பை அளவுக்கு வெட்டி, சட்டத்தில் பள்ளம் போட்டு அழுத்தி, மேலே ஒரு குச்சியை வைத்துப் பசை போட்டிருந்தார்கள். கடைசியாக இருக்கையின் அடியில் ஒரு முக்கு. அங்கே கறுப்புச் சாயம் பூசிய ஒரு திருகாணி. சாயத்தை நகத்தால் சுரண்டினார். தலையில் கூட்டல் குறி. அந்தத் தலையுடைய திருகாணி உலகத்துக்கு வந்ததே 1930-களின் நடுவில்தான். நூற்றியிருபது வருஷத்து நாற்காலிக்கு எங்கிருந்து வந்தது?

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சமாதானம் சொல்கிற மாதிரி, “மரம் பழசுதான்” என்றார். பின்காலில் ஓர் இடத்தைக் காட்டினார். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த ஆணித் துளை; சுற்றிலும் துருக்கறை. அந்த மாதிரி அடைத்த துளைகள் ஒன்பது எண்ணினோம். ஏதோ ஒரு வீட்டின் கைமரம் அது. மேலே ஓடு தாங்கிக்கொண்டிருந்தது, இறங்கி வந்து நாற்காலி ஆகியிருக்கிறது.

இதுதான் என்னை நாள்கணக்கில் குடைந்தது. கடைக்காரப் பையன் சொன்னது முழுப்பொய் இல்லை. நூற்றியிருபது வருஷம் என்றான். மரத்துக்கு அவ்வளவு வயது இருக்கலாம், மரமாக நின்றதையும் சேர்த்தால் அதற்கு மேலேயும் இருக்கலாம். நாற்காலிக்கு இரண்டு வயது. நான் எதற்குப் பணம் கொடுத்தேன்?

*

அந்தக் கைமரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எங்கள் ஊர்க் கதை முழுக்க அவிழ்ந்துவிடும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, அவ்வளவு கனம். அதனால் பர்மாக் காட்டில் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் அதை ஒட்டிய வெள்ளை மரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காயவிடுவார்கள். சாறு ஏறாமல் மரம் நின்றே சாகும். பிறகு வெட்டி, யானையை வைத்து ஓடைக்கு இழுத்து, மழை வெள்ளத்தில் மிதக்கவிட்டு ஆற்றுவழியாக ரங்கூனுக்கோ மோல்மேனுக்கோ கொண்டுவருவார்கள். பழைய பர்மாத் தேக்கு கோணாமல் நிற்பதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம். மரத்துக்குள்ளேயே இருக்கிற எண்ணெய்ச் சத்து கரையானை அண்டவிடாது. செல் அரித்த பூவரசுக் கட்டிலை நம் ஊரில் எங்கும் பார்க்கலாம், செல் அரித்த பர்மாத் தேக்கின் வைரத்தை நான் பார்த்ததில்லை.

அந்த மரத்தை வாங்கின பணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். இடையில் வந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, செட்டியார்களிடம் வாங்கின கடனை பர்மியக் குடியானவரால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைமாறியது. எங்கள் பெரியவர்கள் இதை ‘நிலம் நம்மேல் வந்து விழுந்துவிட்டது’ என்று சொல்வார்கள். இழந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், நம்மவர்கள் ஓடிவந்தார்கள். 1948-இல் பர்மா சுதந்திரமானதும் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. 1962-இல் ராணுவ ஆட்சி வந்து மிச்சம் மீதியையும் எடுத்துக்கொண்டது. இங்கே வந்து சேர்ந்துவிட்ட மரம் மட்டும் இங்கேயே நின்றது. தூணாக, உத்தரமாக, பன்னிரண்டு நாற்காலியாக.

செட்டிநாடு என்றால் இன்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டியவை. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளும் ஏறின. பட்டியலில் ஏறியதால் வீட்டுக்கு ஓடு மாற்ற யாரும் வந்துவிடவில்லை. ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள். ஒருவர் மலேசியா, ஒருவர் டெக்சாஸ், ஒருவருக்கு மற்றவரோடு பேச்சுவார்த்தை இல்லை. மழைக்கு ஒழுகினால் யார் பணம் போடுவது? வீடாக நிற்கும்போது விலை பேச ஆளில்லை. மரமாக, கல்லாக, கதவாகப் பிரித்தால் அன்றைக்கே ரொக்கம்.

ஒரு வீடு பிரிவதை ஒருமுறை முழுசாகப் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர். முதலில் போவது படமும் பாத்திரமும். பிறகு மரச்சாமான். பிறகு கதவு, சன்னல். நிலையைப் பெயர்க்கும்போது மேலே இருந்த சூரியப்பலகையைத் தனியாகக் கழற்றினார்கள். அதற்குத் தனி விலை, தனி வியாபாரி. நடுவில் கஜலட்சுமி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்க யானைகளில் ஒன்றுக்குத் துதிக்கை இல்லை. அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஓடு, கைமரம், உத்தரம். தூண்களைக் கடைசியில் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். நாலாம் நாள் சுவர்கள் மட்டும் நின்றன. முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் அப்போதும் பளபளத்தது. அதை மட்டும் யாராலும் பெயர்த்து விற்க முடியவில்லை.

சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடு நிற்கிறது. இங்கிருந்து பிரித்துக் கொண்டுபோய் அங்கே மறுபடி பூட்டியது. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகும். தூண் தூணாக, நிலை நிலையாக இருக்கிறது. மற்ற இடங்களில் பார்க்கிறேனே! நிலைக்கதவைப் படுக்கவைத்து மேலே கண்ணாடி போட்டு அதில் காப்பிக் கோப்பையை வைக்கிறார்கள். ரிசார்ட் ஒன்றில் சாமியறைச் சன்னல் கழிப்பறைக் கண்ணாடிக்குச் சட்டமாக இருந்தது. ரசனை அவரவர்க்கு, எனக்குப் பிடிக்கவில்லை. கதவு படுத்துக்கிடக்கிற பொருள் இல்லை.

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய கலைப்பொருளும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருள். விற்க உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர், பூர்வீக வீட்டு நிலையைத் தன் வீட்டு வாசலில் வைக்க ஆசைப்பட்டார். தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்று சான்றிதழ் வாங்கினால்தான் கப்பல் ஏறும். 1911-இல் கட்டிய வீடு என்று முகப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆசையை விட்டுவிட்டார். இந்தத் தெருவின் வேடிக்கையும் இதுதான்: கடையில் நிற்கும்வரை சாமானுக்கு நூற்றைம்பது வயது சொல்வார்கள், கப்பலுக்குக் கட்டும்போது அதுவே போன மாதம் செய்தது ஆகிவிடும். சில சமயம் இரண்டாவது சொல்வதுதான் நிஜம்.

*

ஆசாரியிடம் திரும்பிப் போனேன். இரண்டு வேண்டாம், நாலு செய்யுங்கள் என்றேன். கடையில் வாங்கியவை கணக்கில் இல்லை.

மரம் பேச உட்கார்ந்தோம். கொட்டகையின் பின்னால் கைமரங்கள் அடுக்கியிருந்தன. நல்ல பர்மா, தட்டினால் மணி மாதிரி கேட்கும். எந்த ஊர் வீடு என்றேன். “லாரி வரும் தம்பி. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு வராது.” பர்மாவிலிருந்து உருட்டுக்கட்டை ஏற்றுமதியை அந்த நாட்டு அரசே 2014-இல் நிறுத்திவிட்டது, அதிலிருந்து பழைய கைமரத்துக்கு மவுசு இன்னும் கூடிவிட்டது என்றார்.

யோசித்துப் பார்த்தேன். பழைய மரத்தில் செய்வதில் தப்பொன்றும் இல்லை. இறக்கிய மரம் இறக்கியதுதான். அடுப்புக்குப் போவதைவிட நாற்காலியாவது மேல். ஆனால் அந்த ஒன்பது துளைகள் கண்ணைவிட்டுப் போகவில்லை. வேறு யாரோ ஒருத்தரின் கூரையை நாலு பேர் உட்காரும் நாற்காலியாக்க எனக்கு மனசு வரவில்லை. நிலம்பூர்த் தேக்கு கிடைக்குமா என்றேன். 1840-களில் கனோலி என்ற கலெக்டர் கப்பல் மரத்துக்காகத் தேக்குத் தோட்டம் போடவைத்த ஊர் அது. இன்றும் அங்கிருந்து மரம் வருகிறது. வைரம் பாய்ந்த கட்டையாகப் பார்த்து எடுத்தால் ஒன்றும் குறைச்சல் இல்லை என்றார். “ஆனா நிறம் சேராது. பழசு கறுத்துக் கெடக்கு, இது வெளுப்பா நிக்கும்.” பர்மாங்கனேட் கரைசல் பூசினால் ஒரே நாளில் கறுக்கும், செய்யட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

“பக்கத்துல போட்டா தெரியுமே?”

“தெரியட்டும்ண்ணே.”

ஒரு நாற்காலி 14,500 ரூபாய் என்று பேசி முடித்தோம். நாலுமாதம் ஆனது. நடுவே அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், பிறகு ஒரு கோவில் கதவு வேலை வந்துவிட்டது. கோவில் வேலை என்றால் நாம் வாய்திறக்க முடியுமா? நான் மூன்றுமுறை போய் உட்கார்ந்து பார்த்தேன். கால் கட்டையில் துளை, குறுக்குச் சட்டத்தில் நாக்கு. நாக்கை உள்ளே விட்டு ஆணித் துளை போடும்போது, இரண்டு துளைகளும் நேராக வராமல் அரை நூல் தள்ளிப் போடுவார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூங்கில் ஆணியை அடிக்க அடிக்க அது வளைந்து நுழைந்து, தள்ளியிருக்கும் துளைகளை ஒன்றாக்கப் பார்த்து மூட்டை இழுத்து இறுக்கும். பசை இல்லாமலேயே நிற்கும். ஆனாலும் பசை போட்டார். “சும்மா ஒரு தைரியத்துக்கு.”

பிரம்பு பின்ன வந்தவருக்குக் கண் தெரியாது. பார்வையற்றோர் பள்ளியில் படித்தபோது கற்ற தொழில். அரசாங்க அலுவலக நாற்காலிகளை ஒரு காலத்தில் இவரைப் போன்றவர்கள்தான் பின்னினார்கள். பிளாஸ்டிக் வந்து அதை விழுங்கிவிட்டது. பிரம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு, முதலில் எங்கள் பழைய நாற்காலியின் சட்டத்தை விரலால் சுற்றிவந்தார். துளைக்குத் துளை இடைவெளி கொஞ்சம் கூடியும் குறைந்தும் இருந்ததை நான் அதுவரை கவனித்ததே இல்லை. “கையால போட்டது” என்றார். புதுச் சட்டத்தைத் தொட்டார். “மெசின்.” ஆசாரி அந்தப் பக்கம் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார். பின்னுகிறவரோ, “இதுதான் எனக்குச் சௌகரியம், எண்ண வேண்டியதில்லை” என்று சிரித்தார். நெடுக்கில் இரண்டு வரிசை, குறுக்கில் இரண்டு, பிறகு மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு சுற்று. மூலைவாட்டில் கடைசி இழை ஓடும்போது அவருடைய விரலுக்குக் கீழே சின்னச் சின்ன எண்கோணக் கண்கள் திறந்துகொண்டே போயின.

பளபளப்புக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்தது மட்டும். டப்பாவில் அடைத்த புதுப் பாலிஷைவிட வேலை அதிகம், உழைப்பது குறைவு. வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். பழைய நாற்காலிக் கைகளில் அப்படி ஏழு வட்டம் இருக்கிறது. ஐயா தேநீர் டம்ளரை வைத்தது என்பார்கள்.

வேலை முடிந்த அன்று ஆசாரி எங்கள் நாற்காலியை மறுபடி கவிழ்த்து, இருக்கையின் அடியில் ஓரிடத்தைக் காட்டினார். உளியால் கீறிய ஓர் எழுத்து.

“இந்த ‘ச’ யாரு? உங்க ஐயா பேரா? முதல்லேயே பார்த்தேன், கேக்கலை.”

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எங்களில் வழக்கம்தான். ஆனால் ஐயாவின் பெயரில் ச இல்லை. குனிந்து பார்த்தேன். அதே எழுத்து காலின் உட்புறத்திலும் இருந்தது, சட்டத்திலும் இருந்தது. இன்னொரு நாற்காலியை வண்டியிலிருந்து இறக்கிப் பார்த்தோம். அதில் ‘கூ’ மாதிரி ஒன்று, அதேபோல மூன்று இடத்தில்.

ஐயாவின் கணக்கு ஏடுகளைச் சின்ன வயதில் புரட்டியிருந்ததால் பிடிபட்டது. எழுத்து இல்லை அது, எண். ௪, ௯. நாலாவது நாற்காலி, ஒன்பதாவது நாற்காலி. ஆசாரிக்கு உடனே விளங்கிவிட்டது. பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும்போது ஒன்றின் கால் இன்னொன்றின் சட்டத்தில் சரியாக உட்காராது; எது எதற்கு என்று தெரிய ஆசாரி போட்டுவைத்த அடையாளம். கடையில் வாங்கியதைக் கவிழ்த்தபோது அங்கே ஒன்றும் இல்லாதது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

“அப்ப தமிழ் எண் தெரிஞ்ச ஆசாரிதான் செஞ்சிருக்காரு” என்றார். பெரியப்பா தோற்றார் என்று நினைத்தேன். பிறகு, ரங்கூனில் மட்டும் தமிழ் ஆசாரிகள் இல்லையா என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

புதுசு நாலுக்கும் என்ன எண் போடுவது என்று கேட்டார். ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்றார். பட்டறைச் சுவரில் கிடந்த அட்டையில் எழுதிக்கொடுத்தேன்: ௰௩, ௰௪, ௰௫, ௰௬.

“முதல்ல இருக்கிறது என்ன, ‘ய’வா?”

“பத்து.”

அவருக்கு அந்தக் குறி தெரியவில்லை; அவருடைய அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்றார். கால்களைக் கழற்ற முடியாது, அதனால் இருக்கைச் சட்டத்தின் அடியில் மட்டும் வெட்டினார். நாலுக்கும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கடைசி நாற்காலியில் ௬ கொஞ்சம் சாய்ந்துவிட்டது. இழைத்துவிட்டுத் திரும்ப வெட்டட்டுமா என்று கேட்டார். பழைய ௯-ஐத் திருப்பிக் காட்டினேன். அதுவும் சாய்ந்துதான் இருந்தது.

கடையில் வாங்கிய இரண்டும் மகனுடைய அறையில் கிடக்கின்றன. ஒன்றில் அவன் உட்கார்ந்து படிக்கிறான், இன்னொன்றில் துணி. போன வாரம் சின்னச் சித்தப்பா சென்னைக்கு வந்திருந்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு நடை வந்து, கறுப்பு இரண்டையும் வெளுப்பு நாலையும் பார்த்துவிட்டு, வெளுப்பு ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“உங்கள்ட்ட இருக்கிற நாலும் எந்த நம்பர் சித்தப்பா?” என்று கேட்டேன்.

“எதுக்குடா நம்பர்?” என்றார். ஊருக்குப் போனதும் துணியை எடுத்துவிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.